பிடித்த பந்தோடு திரும்புகிறவர்

இதை எழுதவேண்டும் என்று நான் முதலில் நினைத்தபோது என் மூத்த மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இன்று அவளுக்கே பிள்ளைகள். இடையில் எத்தனையோ தரம் எழுத உட்கார்ந்து, அடுப்பில் உலை கொதிக்கிறது என்று சாட்டுச் சொல்லி எழும்பியிருக்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கட்டின புருஷனைப் பற்றி ஊர் வாசிக்க எழுதுவது அழகா என்ற கூச்சமும் இருந்தது. உதைபந்தாட்டம் ஒரு பெண்பிள்ளை எழுதுகிற சங்கதியா என்ற தயக்கம் அதைவிடப் பெரிது. ஆனால் இப்போது இந்தக் கதையை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். அதில் ஒன்றாவது நான் கண்ணால் கண்டதைப் போல இல்லை. ஆகவே பிள்ளையாரை நினைத்துக்கொண்டு, கண்டதைக் கண்டபடி எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதியில் கல்யாணம் முடித்த கையோடு நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் குடியேற்றத்துக்கு வந்தோம். வயலும் வீடும் காடும் எனக்குப் புதிது. அவற்றைவிடப் புதிதாக இருந்தது இவருடைய பின்னேரப் பழக்கம். வயலால் வந்து கால் கழுவி, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, பழைய காற்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு கோயில் வெளிக்குப் போய்விடுவார். குடியேற்றத்து இளந்தாரிகள் அங்கே பந்து அடித்தார்கள். காட்டில் வெட்டிய பாலைக் கம்புகளை நட்டுக் கோல் கட்டியிருந்தார்கள். இவர் அந்தக் கம்புகளுக்கு நடுவில் நிற்கிற ஆள்.

வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வைக்கப் போகும்போது கோயில் மதிலுக்கு மேலால் பார்ப்பேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லாரும் ஓடுகிறார்கள், இவர் மட்டும் நிற்கிறார். மற்றவர்கள் பந்தில் கை பட்டால் சத்தம் போடுகிறார்கள், இவர் கையால் பிடித்தால் கைதட்டுகிறார்கள். இது என்ன நியாயம்? ஓட வராத ஆளைத்தான் அங்கே விடுகிறார்களோ என்று நினைத்து ஒருநாள் கேட்டே விட்டேன்.

"எல்லாரும் ஓடினா வீட்டிலை ஆர் நிக்கிறது?" என்றார் இவர்.

அந்தப் பதில் எனக்குப் பிடித்துப்போயிற்று. வீட்டில் நிற்கிறவரின் வேலை என்னவென்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வைத்த பின்னும் மதிலடியில் கொஞ்சம் கூட நேரம் நின்றேன்.

இவர் அப்போதே நல்ல பேர் எடுத்திருந்தார். துணுக்காய்க்கும் விசுவமடுவுக்கும் வவுனியாவுக்கும் கூப்பிடுவார்கள். சைக்கிளில் ஒருவரை ஏற்றிக்கொண்டு ஒருவர் மிதித்துப் போவார்கள். தூரமென்றால் நெல்லு லொறி. வென்றால் ஒரு பெட்டி சோடா, தோற்றால் அரைப் பெட்டி. இப்படிச் சின்ன ஊர்களில், மாடு மேய்கிற வெளிகளிலேயே இவருடைய ஆட்டக் காலம் போய்க்கொண்டிருந்தது. இவருடைய ஆசை வேறு. வடக்கிலுள்ள ஊர் அணிகளில் ஆள் பொறுக்கி ஒரு பெரிய அணி சேர்ப்பார்கள். அது கொழும்புக்குப் போய் விளையாடும். அந்த அணியின் கோலுக்குள் ஒருநாளாவது நிற்கவேண்டும். வாய்விட்டு இவர் சொன்னதில்லை. ஆனால் அந்தத் தெரிவு ஆட்டம் வருகிறது என்றால் சோற்றில் கை வைத்தபடி யோசித்துக்கொண்டிருப்பார். அதில் எனக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

தெரிவு ஆட்டம் எப்போதும் பங்குனியில் வரும். காலபோக நெல்லு வெட்டி முடிந்து ஆட்களுக்கு ஓய்வு, வெளிகளும் காய்ந்து கிடக்கும். ஒரு வருஷம் எங்கள் கோயில் வெளியிலேயே வைத்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் ஆள் பொறுக்க வந்து, கதிரை ஒன்று போட்டு உட்கார்ந்திருந்தார். எதிர்ப் பக்கத்தில் முல்லைத்தீவுக் கடற்கரை அணி. அவர்களுக்கு முன்னால் நின்று கோல் அடிக்கிற ஒருவர் இருந்தார். கடலுக்குப் போகிற கத்தோலிக்கர், இவரைவிட இளையவர், வாய்க்காரர். அவர் அடித்த பந்து தலைக்கு மேலால் வந்தது. இவர் எம்பி, நெஞ்சோடு சேர்த்து அணைத்துப் பிடித்தார். வெளி முழுக்கக் கைதட்டியது. நானும் மதிலடியில் நின்று சாமியைக் கும்பிட்டேன். அந்தக் கைதட்டல் ஓய முன்னம் இவர் பந்தோடு அப்படியே பின்பக்கம் திரும்பினார். நடுவர் விசில் ஊதினார்.

கோல். பந்து முழுதாகக் கோட்டைத் தாண்டிவிட்டதாம். ஆர் கொண்டுபோனாலும் கோல் கோல்தான்.

"என்ன அண்ணை, பந்தை வீட்டை கொண்டுபோறியளோ?" என்று கோல் அடித்த அந்த முல்லைத்தீவார் கேட்டதும் வெளி சிரித்தது. இவர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, தான் எங்கே நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் திரும்பினார் என்று இவருக்கே தெரியவில்லை.

அடுத்த வருஷம் வவுனியாவில் வைத்தார்கள். அங்கேயும் அதேதான். அதற்கடுத்த வருஷம் திரும்பக்கூடாது, திரும்பக்கூடாது என்று நினைத்துக்கொண்டே நின்றாராம். அந்த நினைப்பில் வந்த பந்தைப் பிடிக்கவே இல்லை.

ஊரில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். மற்ற மாதங்களில் இவர் திரும்பியதே இல்லை என்பதைக் கண்டுபிடித்தவர்கள், பங்குனி இவருடைய சாதகத்துக்குக் கூடாத மாதம் என்றார்கள். நாவூறு என்றார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன், கோயிலில் நூல் வாங்கிக் கையில் கட்டினேன். ஆனால் ஒரு விஷயம் எனக்கு உறுத்தியது. பந்து விளையாட்டுக்காகப் பிள்ளையாரிடம் கேட்கலாமா? முல்லைத்தீவு ஆட்கள் விளையாட முன்னம் நெற்றியில் சிலுவை போடுவதை நான் கண்டிருக்கிறேன். அவர்களும் கேட்கிறார்கள், நாங்களும் கேட்கிறோம். மேலே இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? கோயில் ஐயரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, நல்லபடி கேள் பிள்ளை, கோல் விஷயத்தை அவர் பார்த்துக்கொள்வார் என்றார். அதனால் நான் வெற்றி கேட்கவில்லை. "இவர் ஏன் திரும்புகிறார் என்று எனக்குக் காட்டு" என்று மட்டும் கேட்டேன். அது வெற்றியைத்தான் வேறு விதமாகக் கேட்டதா, வெறும் விடுப்பு அறியும் ஆசையா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

காட்டியது அடுத்த மாசியில்.

எங்கள் பக்கத்தில் நெல்லை வெட்டிக் கட்டாகக் கட்டிக் களத்துக்குக் கொண்டுவந்து, மாடு விட்டு மிதிக்கிற நாள் வரும்வரை வட்டமாக அடுக்கி உயர்த்துவார்கள். அதற்குச் சூடு என்று பேர். கதிர் உள்ளுக்கும் தாளின் அடிப்பக்கம் வெளியிலும் இருக்க அடுக்கவேண்டும். பிசகினால் மழைத்தண்ணி உள்ளே இறங்கி நெல் முளைத்துப்போகும். கீழே நிற்பவர்கள் கட்டுகளை எறிவார்கள், மேலே ஒருவர் நின்று பிடித்து அடுக்குவார். எங்கள் வாய்க்கால் வயல்கள் முழுக்க அந்த மேல் ஆள் இவர்தான். இவர் ஏறிய சூடு நனைந்ததில்லை என்று எல்லாரும் இவரைத்தான் கேட்பார்கள். மாசி முழுக்க ஒரு களம் விட்டு ஒரு களம் இவர் சூட்டின் மேல் நிற்பார். அடுத்து வரும் சிறுபோகத்தில் எங்கள் பக்கம் விளைவு கொஞ்சம்தான், அதற்குச் சூடு வைக்கும் அளவு வேலை இராது.

அறுவடைக் காலத்தில் கடற்கரைச் சனங்கள் கருவாடு கொண்டுவந்து நெல்லுக்கு மாற்றிக்கொண்டு போவார்கள். அந்த முறை வந்தவர் அதே முல்லைத்தீவு விளையாட்டுக்காரர். சூட்டுக் களம் கோயில்போல, அதற்குக் கிட்ட மீனோடு வரக்கூடாது என்று அவருக்குத் தெரியும். கருவாட்டுக் கடகத்தைத் தூர வரம்பில் வைத்துவிட்டு, செருப்பையும் கழற்றிவிட்டு நின்றார். நான் தேத்தண்ணி கொண்டுபோனவள் அவருக்கும் ஒரு கோப்பை கொடுத்தேன். இரண்டு பேரும் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கீழிருந்து ஒரு கட்டு வந்தது. மணி உதிராமல் இருக்க இவர் அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார். பிடித்த கையோடு பின்பக்கம் திரும்பிக் கதிர்ப்பக்கம் உள்ளுக்கு இருக்க வைத்தார். மறுபடி கட்டு வந்தது. அணைத்தார், திரும்பினார், வைத்தார்.

பக்கத்தில் நின்றவர் கோப்பையை வரம்பில் வைத்துவிட்டுக் குந்திவிட்டார். அழுகிறார் என்று நினைத்தேன். பார்த்தால் சிரிப்பு. களத்தில் சத்தம் போட்டுச் சிரிக்கக்கூடாது என்பதால் வாயைச் சால்வையால் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அக்கா, அண்ணை பந்தைச் சூடு வைக்கிறார்" என்றார்.

பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, தங்களுடைய ஆட்களின் குறையையும் சொன்னார். அவர்கள் பந்து கிடைத்தால் முன்னுக்குப் போகாமல் இரண்டடி பின்வாங்குவார்களாம். கரைவலை இழுத்து இழுத்துக் கால் பின்னுக்கே போகிறதாம். அதை அவருக்குச் சொல்லித் தந்தது ஒரு துணுக்காய்க்காரராம். சிரிப்பதற்காகத்தான் அந்த ஆள் சொன்னாராம், ஆனால் உண்மைதானாம்.

அன்றிலிருந்து எனக்கு இது ஒரு புதினமாய்ப் போய்விட்டது. மனிதருடைய தொழில் உடம்பில் எங்கே போய்க் குடியிருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன். உழவு மெஷின் ஓட்டுகிறவர் பந்தோடு ஓடும்போது கலப்பையைப் பார்ப்பதுபோல அடிக்கடி பின்னால் பார்ப்பார். கடை வைத்திருக்கிறவர் பந்தை ஒருவருக்கும் கொடுக்கமாட்டார். அது தொழிலா குணமா என்று எனக்குத் தெரியாது.

மாசி முழுக்கச் சூட்டில் பழகின உடம்பு பங்குனியிலும் அதையே செய்கிறது. காரணம் தெரிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். தெரிந்ததால் ஒன்றும் மாறவில்லை. இவர் சூட்டில் ஏறுவதை விடவேண்டும், அல்லது பந்தை விடவேண்டும். பக்கத்து வயல்காரர், இவரைவிட வயதில் மூத்தவர், ஒருநாள் படலையடியில் நின்று சொன்னார்: "தம்பி, இந்த வருஷம் நீ ஏறாதை. நாங்கள் எப்பிடியும் சமாளிப்பம். நனைஞ்சா நனையட்டும்."

"உங்கடை நெல்லு முளைக்க நான் கொழும்புக்குப் போய் என்னத்தைப் பிடிக்கிறது, அண்ணை?" என்றார் இவர்.

அதற்குமேல் ஒருவரும் அந்தக் கதையை எடுக்கவில்லை. இவர் ஏறினார். பங்குனியில் திரும்பினார். இப்படியே இன்னும் சில வருஷங்கள் போயின. இவருக்கு முப்பது தாண்டி முன்தலையும் மயிர் கொட்டி வெளித்துவிட்டது. இவரோடு தொடங்கியவர்கள் பந்தை விட்டுவிட்டார்கள்.

ஒரு மாசி முடிவில், சூடு எல்லாம் வைத்து முடிந்த பிறகு, வீட்டு முற்றத்தில் பழக்கிப் பார்ப்போம் என்று நான்தான் சொன்னேன். சாக்குக்குள் வைக்கோல் அடைத்து பந்துபோலத் தைத்தேன். நான் எறிவேன், இவர் பிடிக்கவேண்டும், திரும்பாமல் நிற்கவேண்டும். இவர் திரும்பினார். இவருக்குப் பின்னால் போய் நின்று, எங்கள் பெரியவளை எறியச் சொன்னேன். இவர் பிடித்துத் திரும்பி என் முகத்துக்கு நேரே நின்றார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேலியால் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, எங்கள் வீட்டில் என்ன கூத்து என்று கேட்டார். நான் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

இரவு சாப்பிடும்போது கேட்டேன்.

"இஞ்சாருங்கோ, திரும்பாமல் நிண்டா உங்களுக்கு என்ன செய்யுது?"

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "பிடிச்சதை வைக்கவேணும். வைக்காட்டி வேலை முடியாத மாதிரிக் கிடக்கு. கை தவிக்குது."

"அப்ப வையுங்கோவன். முன்னுக்கு வையுங்கோ."

அது ஒரு யோசனையாகச் சொன்னதல்ல. கறி விட்டுக்கொண்டு வாயில் வந்ததைச் சொன்னேன். இவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, எச்சில் கையோடு எழும்பி முற்றத்துக்குப் போனார். வைக்கோல் பந்தை மேலே எறிந்து பிடித்தார். உடனே முழங்காலில் இருந்து, பந்தை முன்னால் நிலத்தில் வைத்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். திரும்பவில்லை. மறுபடி எறிந்தார். திரும்பவில்லை.

இதில் ஒரு ஆபத்து இருந்தது, அதையும் சொல்லவேண்டும். பந்து நெஞ்சோடு இருந்தால் எதிராளி தோளால் இடிக்கத்தான் முடியும். நிலத்தில் வைத்தால், ஓடி வருகிற வேகத்தில் பந்தோடு சேர்த்துக் கையையும் உதைத்துவிடுவார்கள். பழகத் தொடங்கிய முதல் கிழமையிலேயே இவருடைய சுண்டுவிரல் முறிந்துவிட்டது. அதை முறிவு பார்க்கிற பரியாரி கட்டிவிட்டார். கை போனால் பந்து மட்டும் போகாது, சூடும் போகும், வயலும் போகும். அன்றிரவு இதை நான் சொன்னேன். இவர் ஓம் என்றார். ஆனாலும் தெரிவுக்குப் போவேன் என்றார். இந்த வருஷம் விட்டால் இனி ஆர் கூப்பிடப்போகிறார்கள் என்றார். நான் மறிக்கவில்லை. மறிக்க நினைத்தேன், மறிக்கவில்லை.

அந்த வருஷத்து ஆட்டம் கிளிநொச்சியில். என் தம்பி மாட்டு வண்டிலில் என்னையும் பிள்ளைகளையும் கூட்டிப்போனான். பெண்கள் நாலைந்து பேர் வேலியடியில் நின்றோம். எதிர்ப் பக்கத்தில் அந்த முல்லைத்தீவார். அவருக்கும் அது பெரிய நாள். ஒரு கோல் அடித்தால் அவரைத்தான் எடுப்பார்கள் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

ஆட்டம் முடிகிற தறுவாயில் அந்தப் பந்து வந்தது. அவர் அடித்ததுதான். கம்புக்குக் கிட்ட உயரத்தில் வந்ததை இவர் பாய்ந்து அணைத்துப் பிடித்தார். இவருடைய வலது தோள் பின்னுக்குத் திரும்பத் தொடங்கியதை நான் கண்டேன். பாதியில் நின்றது. இவர் முழங்காலில் விழுந்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் பந்தை நிலத்தில் வைத்துக் கைகளால் பொத்தினார்.

முல்லைத்தீவார் தன் பந்துக்குப் பின்னாலேயே ஓடி வந்துகொண்டிருந்தார். ஓங்கிய கால் ஓங்கியபடி. உதைத்திருந்தால் பந்தும் கையும் சேர்ந்து உள்ளே போயிருக்கும். அந்தக் காலத்து நடுவர்கள் அதைக் கோல் என்றே கொடுத்திருக்கவும் கூடும். அவர் காலை மடக்கினார். மடக்கிக்கொண்டு இவருக்கு மேலால் தாண்டி, நிலை தவறிக் கம்பில் தோள் அடிபட்டு விழுந்தார். எழும்பித் தோளைத் தடவிக்கொண்டு நடுவுக்குப் போய்விட்டார். கைதட்டினவர்கள் எல்லாரும் இவரைப் பார்த்துத்தான் கைதட்டினார்கள்.

அன்றைக்கு இவரை எடுத்தார்கள். முல்லைத்தீவாரை எடுக்கவில்லை.

ஆட்டம் முடிந்து வேலியடிக்கு வந்தவரிடம், ஏன் தம்பி காலை மடக்கினனீர் என்று கேட்டேன். கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. அவர் சோடாவைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "அந்தக் கையாலைதானே அக்கா எனக்கு நெல்லு அளக்கிறவர்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அது முழுக் காரணமா, பகிடியா என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன்.

இவர் கொழும்புக்குப் போனார். நான் போகவில்லை. திரும்பி வந்தவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "புல்லு. வெளி முழுக்கப் புல்லு. ஒருத்தரும் மாடு கட்டேல்லை" என்றார். ஆட்டத்தில் தோல்விதான். ஆனால் விழுந்த கோல்களில் ஒன்றாவது இவர் கொண்டுபோய் வைத்தது இல்லை. அடுத்த வருஷம் முல்லைத்தீவாரையும் எடுத்தார்கள். இரண்டு பேரும் ஒரே ரயிலில் போனார்கள். அவர் கருவாடும் இவர் பொரிவிளாங்காயும் கொண்டுபோய் வழியெல்லாம் சண்டை பிடித்துச் சாப்பிட்டதாகக் கேள்வி. பிறகும் இரண்டு வருஷம் விளையாடிவிட்டு இவர் பந்தை விட்டார். சூட்டில் ஏறுவதை விடவில்லை.

இப்போது எங்கள் குடியேற்றத்தில், பிள்ளையார் வந்து எதிராளியின் காலைப் பிடித்தார் என்கிறார்கள். கடற்கரையில், புனித அந்தோனியார் முல்லைத்தீவாரின் கண்ணுக்கு முன்னால் தோன்றினார் என்கிறார்களாம். வேறு சிலர், அவர் கால் சறுக்கி விழுந்தார் என்றே முடித்துவிடுகிறார்கள். நான் விரதம் தவறாதவள், சாமி செய்ததை இல்லை என்று சொல்லத் துணியமாட்டேன். ஆனால் அன்றைக்கு நான் வேலியடியில் நின்றேன். ஒரு மனிதர் தனக்குக் கிடைக்க இருந்ததைத் தெரிந்துகொண்டே காலை மடக்கினதைக் கண்டேன். சாமி அதைச் செய்வித்திருந்தால், அந்த மனிதரைக் கொண்டுதான் செய்வித்தது.

வாசிக்கிற உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். இதைப் பிள்ளைகளுக்கோ அயலாருக்கோ சொன்னால், நான் எழுதியபடியே சொல்லுங்கோ. இவரைப் பெரிய வீரராக்க வேண்டாம், என்னைக் கெட்டிக்காரியாக்கவும் வேண்டாம். கோல் எண்ணிக்கை மறந்தாலும் பரவாயில்லை. காலை மடக்கியவரை மட்டும் கதையிலிருந்து விட்டுவிடாதையுங்கோ.